பாப்பாவின் பையோடு கொங்கு நாட்டில்

வியாழன், ஈரோடு

பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பங்குனிக்குள் மொட்டை போட்டுக் காது குத்திவிட வேண்டும் என்று காங்கேயத்தில் அப்பாவும் அம்மாவும் நாள் பார்த்துவிட்டார்கள். சரி, போகிறதுதான் போகிறோம், ஈரோட்டில் மாமனார் வீடு, பவானி, குலதெய்வக் கோயில், பழனி, கடைசியில் வால்பாறை என்று ஒரு சுற்றே போய்வந்துவிடலாம் என்று சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். கார் கிடையாது. ரயில், பஸ், ஆட்டோ, சொந்தக்காரர் வண்டி என்று கிடைப்பதில் போவதுதான் ஏற்பாடு.

கைக்குழந்தையோடு எப்படிச் சுற்றுகிறீர்கள் என்று கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இதைத் தினமும் எழுதுகிறேன். அதனால் கோயிலும் மலையும் இதில் கொஞ்சமாகத்தான் வரும். என் முதுகில் கிடக்கிற டயப்பர் பைதான் நிறைய வரும்.

ஒன்பது மாதப் பெண் குழந்தை எட்டு கிலோ. கேரியரில் உட்காரவைத்து மனைவியோ நானோ மார்போடு கட்டிக்கொள்கிறோம். பை நிறைந்தால் ஐந்து கிலோவைத் தொடும். முன்பெல்லாம் குழந்தைக்காரர்கள் கட்டைப்பையும் ஒயர் கூடையுமாகத்தான் பஸ் ஏறுவார்கள். கட்டைப்பை நல்ல பைதான், ஆனால் ஒரு கையை முழுசாக வாங்கிக்கொள்ளும். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கை கம்பிக்கு, ஒரு கை குழந்தையின் தலைக்கு. பைக்கென்று கை மிச்சமில்லை. முதுகுப் பைக்கு நாங்கள் மாறியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வாய். ஓரத்தில் கம்பி கொடுத்துத் தைத்திருப்பதால், ஜிப்பை இழுத்துவிட்டால் திறந்தபடியே நிற்கும். குழந்தைக்கு டயப்பர் மாற்றும்போது ஒரு கை எப்போதும் அவள் வயிற்றின் மேல்தான் இருக்க வேண்டும், இந்த வயதில் அவர்கள் கண் இமைக்கிற நேரத்தில் புரண்டுவிடுவார்கள். மிச்சமிருக்கிற ஒரே கையால் டயப்பரையும் துணியையும் எடுக்க வேண்டுமென்றால் பை தானாக மூடிக்கொள்ளக் கூடாது. உள்ளே லைனிங் வெளிர் நிறம். ரயிலில் விளக்கை அணைத்த பிறகு அதன் அருமை தெரிந்தது, கறுப்பு லைனிங்கில் பாப்பாவின் சாக்ஸைத் தேடிப் பார்த்தவர்களுக்குப் புரியும். முதுகுப் பக்கம் இன்னொரு ஜிப் இருக்கிறது. அடியில் கிடக்கும் மாற்றுத்துணியை மேலே உள்ளதைக் கலைக்காமல் அதன் வழியாக எடுத்துவிடலாம்.

பிடிக்காததும் உண்டு. கடையில் பையோடு கொடுத்த விரிப்பு பாப்பாவின் உயரத்துக்குப் போதவில்லை. இந்த வயதில் குழந்தை எழுபது சென்டிமீட்டர் இருக்கும். விரிப்போ அவள் தோளிலிருந்து முட்டி வரைக்கும்தான். தலை தரையில் கிடக்கும், கால் தரையில் உதைக்கும்.

ஈரோட்டில் இருந்துகொண்டு துணிக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். அதற்கு நாங்கள் இருக்க மாட்டோம். மற்ற நாளிலும் கடைவீதியில் துண்டுக்கும் போர்வைக்கும் பஞ்சமில்லை. சென்னிமலைத் தறித் துண்டு ஒன்றும், மருந்துக் கடையில் குழந்தைக்குப் போடுகிற ரப்பர் ஷீட் ஒரு மீட்டரும் வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுத் தெருமுனைத் தையல்காரரிடம் போனேன். மேலே துண்டு, கீழே ரப்பர் ஷீட், நீளம் மூன்றடி, அகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைய, மூன்றாக மடிக்க வேண்டும் என்றேன். அவர் துண்டை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "நாலு ஓரமும் சேத்தி அடிச்சுட்டா தொவைக்கறது செரமமுங்க. ஒரு பக்கம் உட்டு பட்டன் வெச்சுத் தரட்டுங்களா? துண்டை மட்டும் கழட்டித் தொவைச்சுக்கலாம்" என்றார். பெரிய கம்பெனிகள் யோசிக்காததை அவர் நின்ற நிலையில் யோசித்துவிட்டார்.

அதோடு விடவில்லை. பையை வாங்கித் தோள்பட்டை வந்து சேருகிற இடத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒற்றைத் தையல்தான் ஓடியிருந்தது. "இந்த எடத்துலதானுங்க புடுங்கிக்கும்" என்று சொல்லி, நைலான் நூல் மாற்றி, பட்டையின் அடியில் சதுரமாக ஒரு தையலும் அதற்குள் பெருக்கல் குறி போல் இன்னொரு தையலும் போட்டுக் கொடுத்தார். முதுகுப் பை வாங்குகிறவர்கள் நிறத்தையும் பாக்கெட்டையும் பார்க்கும் முன்பு இந்தச் சதுரத்தைப் பாருங்கள். பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது.

வெள்ளி, பவானி

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. ஈரோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் மனைவிக்கு டிக்கெட் இல்லை, பாப்பாவுக்கும் இல்லை. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அரசுப் பஸ்ஸில் கட்டணமில்லை. எனக்கு மட்டும் எடுத்தேன்.

கூடுதுறையில் காவிரியும் பவானியும் கலக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாகச் சொல்வார்கள். சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மண்டப நிழலில் உட்கார்ந்தோம். நிழலிலும் கல் சுட்டது. புது விரிப்பின் முதல் வேலை அங்கேதான். ரப்பர் ஷீட் ஈரத்தைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தான் விரித்திருந்த ஜமக்காளத்தின் பாதியை எங்கள் பக்கம் தள்ளி, "இதும்மேல போடுங்க கண்ணு, புள்ளைக்குச் சுடும்" என்றார். ஜமக்காளத்தின் மேல் விரிப்பு, அதன் மேல் பாப்பா. சுகமாகக் கிடந்தாள்.

அந்த ஜோரில் ஒரு ஜமக்காளம் வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது, குழித்தறியில் கெட்டி நூலில் பட்டை பட்டையாக நெய்வது. ஒரு கடையில் சிறிய அளவை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தேன். அழகு, ஆனால் கனம். மடித்தால் பையில் பாதியை அதுவே நிறைத்துவிடும். வீட்டுக்கென்று ஒன்று வாங்கி மாமனார் வீட்டிலேயே விட்டுவிட்டோம். பயணத்துக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்று போதும், நாலாக மடித்துக் கீழே போட்டால் கல்லின் சூடு ஏறுவதில்லை. இரவில் போர்த்தவும் ஆகும்.

பால் விஷயம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தப் பைகளின் முன்பக்கத்தில் வெள்ளி நிறத் தாள் ஒட்டிய பாட்டில் பாக்கெட்டுகள் இருக்கும். அவை சூட்டையும் குளிர்ச்சியையும் வெளியேறவிடாமல் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கலக்கிய பால் மாவை அதில் வைத்துவிட்டு மத்தியானம் வரைக்கும் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை வாய்வைத்த பிறகு ஒரு மணி நேரம்தான் கணக்கு. கொதித்த நீரை ஸ்டீல் ஃபிளாஸ்க்கிலும் மாவைத் தனி டப்பாவிலும் வைத்துக்கொண்டு வேண்டும்போது கலக்குவதே சரி. பிழிந்தெடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும், ஐஸ் கட்டிப் பொட்டலத்தோடு குளிர்ப்பையில் வைத்தால் 24 மணி நேரம். பங்குனி மாதப் பவானியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் மனைவி நேரடியாகத்தான் கொடுக்கிறாள்.

இன்னொன்று. பாட்டில் பாக்கெட் முதுகிலிருந்து மிகத் தள்ளி, பையின் வெளிமுகத்தில் இருக்கிறது. தண்ணீர் முழுவதையும் அங்கே வைத்தால் பை பின்னால் இழுக்கிறது, தோள் நோகிறது. நான் ஃபிளாஸ்க்கை உள்ளே, முதுகை ஒட்டி நிறுத்திவைத்து, வெளியே வெறும் பாட்டிலை மட்டும் வைக்கிறேன். ஒரு நாள் முழுக்கச் சுமந்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சனி, காங்கேயம்

வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் பஸ் மாறினோம். ஊர் பெயர் வேண்டாம். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இந்தப் பயணத்தில் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். மனைவி உள்ளே போய் நிம்மதியாக உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வந்தாள். வந்த கொஞ்ச நேரத்தில் பாப்பா டயப்பரில் ஆய் போய்விட்டாள். மனைவிக்குத் தலைவலி, அவள் உட்காரட்டும் என்று நான் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது, போகவும் வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு அப்பா தன் குழந்தையை எங்கே படுக்கவைத்து மாற்றுவான்? ஆண்கள் கழிப்பறையில் ஈரத் தரையைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் ஒருவர், "இங்க வாங்ணா" என்று கூப்பிட்டு, பெஞ்சில் இருந்த இருவரை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். பெஞ்சின் அகலம் ஒரு அடிதான். நான் மண்டியிட்டு உடம்பால் ஒரு பக்கம் அணை கொடுத்துக்கொண்டேன். பை திறந்தபடி பக்கத்தில் நின்றது. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் துடைத்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். அவசரத்திலும் அதை மறக்கக் கூடாது. டீக்கடைக்காரர் ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

மாற்றிய டயப்பரைப் போடக் குப்பைத்தொட்டி இருந்தது, மூடி இல்லை, நாய் கிளறிக்கொண்டிருந்தது. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி டயப்பரைச் சுற்றிக் கட்டித் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். உருட்டி, அதன் ஒட்டுப் பட்டையாலேயே இறுக்கி, செய்தித்தாளில் மடித்துப் பையின் ஈரப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் போய்க் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்தோம்.

காங்கேயத்தில் அப்பாவைப் பெற்ற ஆத்தா திண்ணையில் காத்திருந்தார். பாப்பாவை வாங்கியதும் முதலில் கை போனது டயப்பர் மேல்தான். "ஏஞ்சாமி, பகலெல்லாம் ஈரத்தக் கட்டிக்கிட்டே இருந்தா புள்ளைக்குப் புண்ணாயிராதா?"

நியாயமான கேள்வி. பதிலை வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று ஒரு புது டயப்பரை எடுத்துக் கிழித்து, உள்ளிருந்த பஞ்சைத் தட்டில் உதறினேன். பஞ்சோடு வெள்ளைத் தூள் கொட்டியது. அதுதான் சோடியம் பாலி அக்ரிலேட். அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். தூள் உப்பி, கொழகொழவென்று களியாகித் தண்ணீரை அப்படியே பிடித்துக்கொண்டது. தட்டைச் சாய்த்தேன், வழியவில்லை. ஆத்தா விரலால் அமுக்கிப் பார்த்தார், விரலை முந்தானையில் தேய்த்துப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தது. சிறுநீரில் உப்பு இருப்பதால் இவ்வளவு பிடிக்காது என்றாலும் வேலை இதேதான் என்றேன்.

கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செரி, ஈரம் படாது. காத்து?"

அதற்கு மறுப்பே இல்லை. குழந்தை மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், தினமும் கொஞ்ச நேரமாவது டயப்பர் இல்லாமல் விடுங்கள், தோல் காயட்டும் என்று. ஆத்தா பழைய வேட்டியைக் கிழித்துக் கோமணத் துணி ஒரு அடுக்கு செய்துவைத்திருந்தார். வீட்டில் இருக்கிறவரை துணி, வெளியே கிளம்பினால் டயப்பர் என்று பேசி முடிவானது. சாயங்காலம் முழுக்கப் பாப்பா தொட்டிக்கட்டு வாசலில் வெறும் உடம்போடு தவழ்ந்தாள். கோமணத் துணி நான்கை நான் பையிலும் வைத்துக்கொண்டேன். வாய் துடைக்க, வியர்வை துடைக்க, மார்பில் போட, எதற்கும் ஆகிறது. அந்த வேட்டித் துணி அளவுக்கு மெத்தென்று ஒன்றைக் கடையில் நான் வாங்கியதில்லை.

ஞாயிறு, குலதெய்வக் கோயில்

கோயில் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இருக்கிறது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல் காய்ந்து பழுப்பாய், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் காங்கேயம் மாடுகள். ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் எல்லாம் வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

கோயில் வாசலில் ஒரு சிக்கல். அம்மா மெதுவாகக் கேட்டார்: "பையில பாப்பா அழுக்குத்துணி இருக்குதா கண்ணு? சாமிகிட்ட எடுத்துட்டுப் போவாண்டா." பிரசாதத் தட்டும் பாப்பாவின் சாப்பாட்டு டப்பாவும் அழுக்கும் ஒரே பையில் போவது எனக்கும் உடன்பாடில்லை. எங்கள் பையில் ஈரப் பாக்கெட் தனியாகக் கழன்று வரும், வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும் அவ்வளவுதான். கழற்றி வேனிலேயே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, மீதிப் பையோடு உள்ளே போனோம். நம் ஊருக்கு டயப்பர் பை வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளேயே தைத்துவிட்ட ஈரப் பாக்கெட் எவ்வளவு நீர் புகாததாக இருந்தாலும் கோயிலுக்கும் விருந்து வீட்டுக்கும் ஒத்துவராது.

பொங்கல் வைத்து முடித்ததும் மொட்டை. பாப்பாவுக்குத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தபோது சிரித்தாள், கத்தி பட்டதும் அழுகை. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். குளிப்பாட்டி அதில் கிடத்தித் துவட்டினோம். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் குழந்தை புரள்வது கொஞ்சம் சிரமம், ஆனாலும் கையை எடுக்கக் கூடாது, விளிம்பில் கிடத்தக் கூடாது. தலைக்குச் சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டி, மச்சான் மடியில் உட்காரவைத்தோம். தாய்மாமன் மடி. பத்தர் காதில் மையால் புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று தள்ளி நின்று பார்த்து, மறுபடி அழித்து வைத்தார். அப்புறம் ஒரே நொடி. பாப்பா மூச்சு அடங்குகிற மாதிரி அழுதாள், மச்சானுக்கும் கண் கலங்கிவிட்டது. மனைவி உடனே வாங்கி மார்போடு அணைத்துப் பால் கொடுத்ததும் அடங்கியது. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது மறைப்புக்கு ஒரு துணி. பையின் முதுகு ஜிப்பைத் திறந்து மெல்லிய பருத்தித் துப்பட்டாவை இழுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம். அம்மா பாப்பாவுக்கென்று காரம் சேர்க்காமல் குழைய எடுத்து நெய் விட்டுப் பிசைந்தார். பாப்பா கேட்டுக் கேட்டு வாங்கினாள்.

திங்கள், பழனி

தாராபுரம் வழியாகப் பழனி. படியேறினால் 693 படி. நாங்கள் விஞ்சில் போனோம். மேலே போகும்போது பெரிய பையை எடுத்துப் போகவில்லை, அறையிலேயே விட்டுவிட்டோம். பைக்குள் எப்போதும் ஒரு சின்னப் பை தயாராக இருக்கும்: டயப்பர் இரண்டு, ஈரத்துணிப் பொட்டலம், ஒரு சட்டை, வேட்டித் துணி, ஒரு காலிக் கவர். அதை இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும். வரிசையில் நிற்கும்போது பெரிய பை பின்னால் நிற்கிறவர் முகத்தில்தான் இடிக்கும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் எல்லாவற்றோடும் தேனும் சேர்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் அந்தச் சின்னக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், உடம்பைத் தளரவைத்து மூச்சுக்கே ஆபத்தாகும். கூட வந்த சித்தி ஆசையாக விரலில் எடுத்தார். "அடுத்த வருஷம் கொடுத்துக்கலாமுங்க சித்தி" என்று மனைவி சொன்னதும் அவரும் விட்டுவிட்டார். பாப்பா நெற்றிக்கு விபூதி போதும்.

செவ்வாய், வால்பாறை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டியதும் மலைப்பாதை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை, கீழே ஆழியாறு அணை நீலமாக விரிந்து கிடக்கிறது. பஸ் அங்கே நிற்காது, ஜன்னலில் பார்த்ததுதான்.

பாதி வளைவுகள் ஏறும்வரை பாப்பா தூங்கினாள். விழித்தவுடன் குடித்த பால் முழுக்க என் சட்டையில். அவளுக்கு மாற்றுத்துணி எல்லோரும் வைப்பார்கள், அப்பாவுக்கு ஒரு சட்டையும் அம்மாவுக்கு ஒரு குர்தாவும் வைக்கிறவர்கள் குறைவு. நாங்கள் அவற்றை இறுகச் சுருட்டிப் பையின் அடியில் வைத்திருக்கிறோம். ஆடுகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சட்டை மாற்றினேன். முன்சீட்டில் இருந்த எஸ்டேட் தொழிலாளி அம்மா எலுமிச்சம்பழம் ஒன்றைக் கீறி மனைவியிடம் கொடுத்து, பாப்பாவை வாங்கி மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டார். மீதி வளைவுகள் முழுக்க அவர் மடியில்தான் வந்தாள். குழந்தையோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊரே உறவாகிவிடுகிறது.

மேலே குளிர். கீழே வெயிலுக்குக் கட்டிய எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. கம்பளித் தொப்பி, சாக்ஸ், சென்னிமலைப் போர்வை. மொட்டைத் தலைக்குத் தொப்பி அவசியம். குளிரில் குழந்தைகள் அடிக்கடி சிறுநீர் கழிப்பதாக எனக்குப் படுகிறது, டயப்பரில் ஈரம் காட்டுகிற மஞ்சள் கோடு சீக்கிரமே நீலமாகிவிட்டது. சமவெளியில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்து, கூடுதலாக இரண்டு வைத்தால் போதும். மலைக்கு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரங்குகளுக்குப் பையின் ஜிப் திறக்கத் தெரியும். பழ வாசனை வருகிற டப்பாவை வெளிப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைச் சாலையோர மரத்தில் பார்த்தோம். பாப்பாவும் அதுவும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர். டயப்பர் மட்காது. சாலையோரம் தேயிலைச் சரிவில் டயப்பர்கள் கிடப்பதைப் பார்க்க மனம் கொதித்தது. யானையும் மானும் போகிற வழி அது. எங்களுடையதை எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, ஈரப் பாக்கெட்டில் இறுக்கி, கீழே கொண்டுவந்துவிட்டோம். நாற்றமா? ரோல் செய்து இறுக்கினால் இல்லை. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுற்ற வேண்டும், டயப்பரைக் கழிப்பறையில் போடக் கூடாது.

புதன், பொள்ளாச்சி

இரவு கோயம்புத்தூரில் சேரன் எக்ஸ்பிரஸ். அதுவரை நண்பர் வீட்டில். இளநீர் வழுக்கையை ஸ்பூனில் சுரண்டிக் கொடுத்தால் பாப்பா தின்கிறாள்.

மத்தியானம் உட்கார்ந்து, சனிக்கிழமை நாங்கள் பஸ் மாறிய ஊரின் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குள் ஒரு மேஜையை மடித்து வைக்க முடியாது. கேட்டிருப்பது பெரிய செலவில்லை: பேருந்து நிலையக் கழிப்பறையில் பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் சுவரோடு பதித்த ஒரு கடப்பைக்கல் பலகை, மூன்றடி நீளம், இரண்டடி அகலம், நின்றபடி மாற்ற வசதியாக இடுப்பு உயரம். குழந்தை உருளாமல் மூன்று பக்கமும் இரண்டு அங்குலத் தடுப்பு. பையை மாட்ட, ஐந்து கிலோ தாங்குகிற ஒரு கொக்கி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குழாய், கீழே மூடியுள்ள தொட்டி. வெள்ளைத்தாளில் அளவோடு படமும் வரைந்து, டீக்கடை பெஞ்சில் ஒரு அப்பா எப்படி மண்டியிட வேண்டியிருந்தது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். உங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கும் எழுத நினைப்பவர்கள் அந்தப் படத்தைக் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.